பதினேழு புள்ளி நான்கு

"வீ...ல்ல்ல்ல்!"

மெரிடன் க்ரீக் விவசாயக் கண்காட்சியின் இரண்டாம் நாள். காலை ஆறு இருபது. பெரில் காட்லிங் போட்ட அலறலில், பரிசுக்காகக் கட்டியிருந்த பதினொரு பசுக்களும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன.

பெரிலின் கையிலிருந்த டீ ஃப்ளாஸ்க் நழுவி விழுந்தது. மரக்கிடங்கின் சிமென்ட் தரையில் கடகடவென்று உருண்டது.

உருண்டுபோய் முட்டி நின்றது... அவளுடைய அண்ணன் மெர்வின் தலையில்!

மெர்வ் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை.

சார்ஜென்ட் நோலா ப்ரெண்டிஸ் பன்னிரண்டாவது நிமிடம் வந்து சேர்ந்தாள். ஊர் ஸ்டேஷனில் மொத்தமே அவளும் கான்ஸ்டபிள் கிப்பும்தான். லாக்-அப்பில் ஆள் இருந்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது அதில் தொலைந்துபோன குடைகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

"தலையில அடியா, கிப்?"

"அடிச்ச மாதிரி தெரியல, மேடம். தள்ளி விட்டிருக்காங்க. கட்டையை நிறுத்திப் பிடிக்கிற இரும்புச் சட்டம் இருக்கு பாருங்க... அதோட மூலைல பின்மண்டை இடிச்சிருக்கு."

"தானா வழுக்கி விழுந்திருக்கலாமே?"

"காலர் கிழிஞ்சிருக்கு. சட்டைப் பட்டன் ரெண்டு அந்தப் பக்கம் கிடக்கு."

நோலா குனிந்தாள். இரும்புச் சட்டத்தில் ஒரு பாதிக் கட்டை நின்றிருந்தது. மறுபாதி தரையில் கிடந்தது. சுற்றிலும் உள்ளங்கை அகலச் சில்லுகள். ஈரம் காயவில்லை. யூகலிப்டஸ் வாசனை மூக்கைத் துளைத்தது.

"யாரோ காலைல இங்க மரம் வெட்டிப் பழகியிருக்கான். மெர்வ் வந்து பார்த்திருக்கார்..."

"மேடம்! கையைப் பாருங்க!"

மெர்வின் வலது கை இறுக மூடியிருந்தது. விரல்களுக்கு நடுவே ஒரு கறுப்புக் கயிறு. கையுறை மாட்டிக்கொண்டு நோலா மெல்லப் பிரித்தாள்.

ஸ்டாப் வாட்ச்!

நின்றுபோன எண்கள் பளிச்சென்று தெரிந்தன.

17.4

கிப் விசில் அடித்தான். பிணத்துக்கு முன்னால் அடிக்கக்கூடாது என்று நினைவு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"பதினேழு புள்ளி நாலு... யாரு மேடம் இது? மனுஷனா, மிஷினா?"

கேட்க வேண்டிய கேள்விதான். வடக்கு தாஸ்மேனியாவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், ஒரு கட்டையை இருபது வினாடிக்குள் இரண்டாக்குபவன் சாதாரண ஆள் இல்லை. அதுவும் மெர்வ் பிடித்த கடிகாரம்! முப்பது வருடமாக அந்த வட்டாரத்துக் கோடாரிக்காரர்களுக்கு எண் போட்டவர் அவர்.

எண் என்றால் தலையெழுத்து. பந்தயத்தில் எல்லாரும் ஒன்றாக ஆரம்பிப்பதில்லை. ஸ்டார்ட்டர் ஒன்று, இரண்டு, மூன்று என்று வினாடிக் கணக்கில் எண்ணிக்கொண்டே போவார். அவனவன் எண் வந்ததும் அவனவன் கோடாரி இறங்கும். சுமாரானவனுக்கு மூன்று. சூரனுக்குப் பதினான்கு. யாருக்கு எது என்பதை மெர்வ் முடிவு செய்வார். எண் ஏறினால் ஊர் தோளில் தூக்கிவைத்துக் கூத்தாடும். இறங்கினால் துக்கம் விசாரிக்க வராத குறைதான்!

"அண்ணன் ஏதாவது சொன்னாரா, பெரில்?"

பெரில் மூக்கைச் சிந்தினாள். அறுபத்தி மூன்று வயது. காட்லிங் வீட்டில் அண்ணனும் தங்கையும் மட்டும்தான். இனி தங்கை மட்டும்.

"நேத்து சாப்பிடறப்ப சொன்னான்... 'ஒருத்தன் ஆறு வருஷமா ஊரையே முட்டாளாக்கிட்டிருக்கான் பெரில், நாளைக்குக் காலைல கையும் களவுமா பிடிக்கப்போறேன்'னு."

"யாருன்னு கேக்கலையா?"

"கேட்டேன். டைம் எடுத்துட்டுத்தான் பேரு சொல்லுவேன்னுட்டான். கடிகாரம் இல்லாம யாரையும் திட்டக்கூட மாட்டாம்மா அவன்!"

வாசலில் நிழல் விழுந்தது. மூவரும் திரும்பினார்கள்.

ஆறடி மூன்று அங்குலம். நரைத்த தாடி. தோளில் துண்டு. வாரிக் டோலன்!

ஏழு முறை சாம்பியன். கௌரவப் பலகையில் அவர் பெயர் தங்க எழுத்தில் ஏழு இடத்தில் இருக்கிறது. அதெல்லாம் பழைய கதை. இப்போது ஐம்பத்தேழு வயது. ஆறு வருடத்தில் பதினான்கிலிருந்து சரசரவென்று இறங்கி ஐந்தாம் எண்ணுக்கு வந்துவிட்ட மனிதர். அவர் மேடையேறினால் ஜனங்கள் இப்போதும் கைதட்டுவார்கள்... பள்ளிக்கூட விழாவில் எல்.கே.ஜி. நடனத்துக்குத் தட்டுவது போல.

"மெர்வ்...!" வாரிக்கின் குரல் கம்மியது. "ஐயோ... என்னடா இது?"

பெரில் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அவர் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றார்.

"நீங்க எங்க இருந்தீங்க, வாரிக்?" என்றாள் நோலா.

"கேரவன்ல. தூக்கம். இவ கத்தினதுலதான் முழிச்சேன்."

"தனியாவா?"

"இந்த வயசுல வேற எப்படி?"

நோலா சிரிக்கவில்லை. தரையில் கிடந்த சில்லுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

"பிராடி ஷேல்தான், மேடம்! வேற யாரு?" கிப் ஜீப்பின் மேல் தாளம் போட்டான். "பதினேழு சொச்சத்துல வெட்டறவன் இன்னிக்கு ஆஸ்திரேலியாவுலயே அவன் ஒருத்தன்தான். இருபத்தொன்பது வயசு. புலி. நடப்பு சாம்பியன். இன்னிக்கு அவன் எண்ணு பதினாலு!"

"அவன்தான் நல்லா வெட்டுவான்னு ஊருக்கே தெரியுமே. இதுல முட்டாளாக்க என்ன இருக்கு?"

"அது... எனக்குத் தெரியாது, மேடம். பிடிச்சு நாலு தட்டு தட்டினா அவனே சொல்வான்."

பிடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஏழே முக்காலுக்குத் தன் வண்டியில் அவனே வந்து இறங்கினான். காதில் கடுக்கன். கையில் பாதி கடித்த இறைச்சி பஃப். தாடையெல்லாம் தக்காளி சாஸ்.

"மெர்வ் செத்துட்டாரா! எப்போ?"

"அஞ்சே முக்காலுக்கும் ஆறே காலுக்கும் நடுவுல. அப்போ நீ எங்க இருந்த?"

"கடல்ல!"

"விளையாடாத."

"சத்தியமா, சார்ஜென்ட்! மெல்பர்ன்லேர்ந்து கப்பல்ல வந்தேன். ஆறரைக்குத்தான் டெவன்போர்ட்ல கட்டினான். இந்தா டிக்கெட். ராத்திரி பூரா வாந்தி. என் பக்கத்துப் படுக்கைக்காரனைக் கேளுங்க, ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான்!"

கிப் போன் செய்தான். துறைமுகக் கேமராவில் பிராடியின் வண்டி ஆறு நாற்பத்தெட்டுக்கு வெளியே வந்திருந்தது. கொலை முடிந்து, பெரில் கத்தி, பசுக்கள் எழுந்து நின்ற பிறகு!

"அப்போ வேற யாரு பதினேழு செகண்டுல வெட்டுவாங்க, பிராடி?"

"யாருமில்ல."

"வாரிக் டோலன்?"

பிராடி வாய்விட்டுச் சிரித்தான். "தாத்தாவா! அவர் வெட்டி முடிக்கறதுக்குள்ள மெர்வ் வயசாகியே செத்திருப்பாரே!"

ஆக, ஒரே ஒருவனால் முடியும். அவன் கடலில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்!

நோலாவின் போன் அலறியது. லான்செஸ்டன் குற்றப்பிரிவு. பெரிய அதிகாரிகள் மாலை ஐந்து மணிக்கு வருவார்களாம். அதுவரை யாரையும் ஊரைவிட்டு விடக்கூடாதாம்.

"பந்தயத்தை நிறுத்திடலாமா, மேடம்?"

"வேண்டாம். நடக்கட்டும். நிறுத்தினா எல்லாரும் கலைஞ்சு போயிடுவாங்க."

அவள் ஜீப்புக்குள் உட்கார்ந்து மெர்வின் நோட்டைப் பிரித்தாள். பெரில் கொடுத்தது. ஒவ்வொரு கோடாரிக்காரனுக்கும் ஒரு பக்கம். பந்தயத் தேதி, கட்டை அளவு, வினாடி.

வாரிக் டோலன் பக்கத்தில் விரல் நின்றது.

போன வருடம்: 25.1. 25.3. 25.2. 25.1. 25.2.

அதற்கு முந்தைய வருடம்: 23.2. 23.1. 23.2. 23.3.

அதற்கும் முந்தையது: 22.1. 22.2. 22.1.

எல்லாவற்றுக்கும் கீழே மெர்வ் பென்சிலால் அழுத்திக் கோடு போட்டிருந்தார். ஒன்றும் எழுதவில்லை. ஒரே ஒரு கேள்விக்குறி.

நோலா அந்த எண்களை மறுபடி மேலிருந்து கீழே படித்தாள்.

அவளுடைய அப்பாவும் கோடாரிக்காரர்தான். கடைசி வருடங்களில் அவர் மேடையேறும்போதெல்லாம் கடிகாரம் பிடித்தவள் அவள். இருபத்திரண்டு. இருபத்தொன்பது. இருபத்து நாலு. முப்பத்தொன்று. வயதான உடம்பு ஒரு நாள் சொன்ன பேச்சு கேட்கும். மறுநாள் முதுகைப் பிடித்துக்கொண்டு மக்கர் பண்ணும். எந்த நாள் எது என்று அப்பாவுக்கே தெரியாது.

"கிப்..."

"மேடம்?"

"நிஜமா தேஞ்சு போறவன் தினமும் ஒரே அளவா தேய மாட்டான்!"

"புரியல."

"இந்த எண்ணுங்களைப் பாரு. மனசுக்குள்ள செகண்டை எண்ணி எண்ணி, வேணும்னே மெதுவா வெட்டியிருக்கார். ஆறு வருஷமா! எண்ணு இறங்கட்டும், ஒரு நாள் எல்லாரையும் முந்தி ஆரம்பிச்சு நிஜ வேகத்துல ஜெயிக்கலாம்னு."

கிப்பின் வாய் திறந்தது. மூடவில்லை.

*

மதியம் இரண்டரை.

கோடாரிக்காரர்களின் கூடாரம். வெள்ளைப் பேன்ட், வெள்ளைப் பனியனில் வாரிக் ஒரு மரப்பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தார். பெட்டியில் நான்கு கோடாரிகள் ஃபிளானல் துணிமேல் படுத்திருந்தன. ஒன்றை எடுத்து முழங்கையில் ஒரு இழுப்பு இழுத்தார். ரோமம் வழித்துக்கொண்டு வந்தது.

"நாலுல எது காலைல வேலை செஞ்சுது, வாரிக்?"

அவர் நிமிரவில்லை. "உங்கப்பா இருந்தா இப்படிக் கேக்க மாட்டார், நோலா."

"எங்கப்பா இருந்தா கேக்கறதுக்கு முன்னாடியே அழுதிருப்பார். அவருக்கு நீங்கன்னா உசுரு."

கூடாரத்துக்கு வெளியே ஒலிபெருக்கி கேக் போட்டி முடிவுகளை அறிவித்தது.

"மெர்வ் கையில கடிகாரம் இருந்துச்சு" என்றாள் நோலா. "பதினேழு புள்ளி நாலு."

ஒரே ஒரு கணம்தான்.

வாரிக்கின் தாடிக்குள் ஒரு சிரிப்பு வந்துவிட்டுப் போனது. காலையிலிருந்து அந்த முகத்தில் அவள் பார்த்த முதல் வெளிச்சம்!

"நல்ல டைம்" என்றார்.

"ரொம்ப நல்ல டைம். அதை வெட்டினவன்தான் மெர்வைத் தள்ளினவன்."

"அப்போ எனக்கு ஏம்மா கவலை? என்னோட டைம் இருபத்தஞ்சு. நோட்டுல இருக்கும், பாரு."

"பார்த்தேன். அழகா இருக்கு. அளவெடுத்து வெட்டின மாதிரி."

வாரிக் கோடாரியை மெல்லத் துணியில் துடைத்தார்.

நோலா குனிந்து அவர் காதருகே பேசினாள்.

"ஒளிக்காம சொல்றேன். இப்போ என்கிட்ட சாட்சி இல்ல. இன்னும் அரை மணி நேரத்துல இறுதிப் பந்தயம். எப்பவும் போல நீங்க இருபத்தஞ்சுல வெட்டி முடிச்சா, 'பாவம், வயசாயிடுச்சு'ன்னு ஊரே சொல்லும். நானும் வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போகணும். ஆனா பதினேழு வந்துச்சுன்னா..."

"வந்தா?"

"இந்தத் தீவுல அதை வெட்டக்கூடிய ரெண்டாவது ஆளு நீங்கதான்னு மூவாயிரம் பேர் சாட்சி!"

வாரிக் நிமிர்ந்தார். "எட்டாவது தடவை அந்தப் பலகையில யாரு பேரும் ஏறினதில்லை, நோலா. தெரியுமில்ல?"

"தெரியும். அதுக்குத்தானே ஆறு வருஷம் தவம் இருந்தீங்க?"

அப்போது கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு பிராடி தலையை நீட்டினான். பேச்சின் ஒரு சொல்லும் அவன் காதில் விழுந்திருக்கவில்லை.

"தாத்தா! வாங்க, வாங்க! உங்களுக்கு அஞ்சு, எனக்குப் பதினாலு. ஒன்பது செகண்டு தர்மம்! அதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு வந்து வெட்டினாலும் நீங்கதான் முதல்ல!"

"சரிடா, தம்பி" என்றார் வாரிக்.

கழுத்து நரம்பு மட்டும் ஒரு முறை துடித்தது.

*

மூன்று மணி.

மேடையில் ஆறு கட்டைகள். ஆறு வெள்ளைப் பனியன்கள். மெர்வுக்காக ஒரு நிமிட மௌனம். மேடையின் இடப்பக்கம் முதல் வரிசையில் பெரில் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடைப் படிக்கட்டில் நோலா. அவள் கையில் அப்பாவின் பழைய ஸ்டாப் வாட்ச்.

மேடைக்குப் பின்னால் கௌரவப் பலகை. அதில் ஏழு இடத்தில் தங்க எழுத்தில் வாரிக்.

"மெதுவா வெட்டிடுவார், மேடம்" என்று கிசுகிசுத்தான் கிப். "முட்டாளா அவரு?"

"தெரியல, கிப்."

"தயார்...!" ஸ்டார்ட்டரின் குரல். "ஒன்று... இரண்டு... மூன்று!"

டக்! முதல் ஆள் ஆரம்பித்தான்.

"நான்கு... ஐந்து!"

வாரிக்கின் எண்!

வாரிக் அசையவில்லை.

"ஆறு... ஏழு..."

கூட்டம் சலசலத்தது. "வாரிக்! உங்க எண்ணு போயிடுச்சு!" "காது கேக்கலையா பெருசுக்கு?" "யாராவது போய்த் தட்டுங்கப்பா!"

கோடாரியைக் கட்டைமேல் தொட்டபடி சிலைபோல நின்றார் மனிதர்.

"ஒன்பது... பத்து..."

நோலா அவர் கைகளையே பார்த்தாள். வெட்டவே போவதில்லையா? நெஞ்சு வலியென்று தப்பிக்கப் போகிறாரா?

"பன்னிரண்டு... பதின்மூன்று..."

வாரிக் தலையைத் திருப்பிப் பக்கத்துக் கட்டையில் நின்ற பிராடியைப் பார்த்தார். கண்ணடித்தார்!

"பதினான்கு!"

டக்!

இரண்டு கோடாரிகள். ஒரே சத்தம். நோலாவின் கட்டைவிரல் தானாகவே அமுக்கியது.

டக்! டக்! டக்! டக்!

சில்லுகள் பறந்தன. பிராடி வெறிகொண்டு வெட்டினான். வாரிக் வெறி எதுவும் இல்லாமல் வெட்டினார். ஒரு அடிகூட வீணாகவில்லை. ஏழு. எட்டு வினாடி. முன்பக்கம் முடிந்தது. இருவரும் ஒரே கணத்தில் பின்பக்கம் பாய்ந்தார்கள்.

மூவாயிரம் பேரும் எழுந்துவிட்டார்கள். யாரோ ஒரு கிழவர் தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் முன்னால் இரக்கப்பட்டவர்கள் எல்லாம் இப்போது தொண்டை கிழியக் கத்தினார்கள். நோலாவுக்கும் கத்த வேண்டும் போலிருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

டக்! டக்! ட...மார்!

கட்டை விழுந்தது. வாரிக்கின் கட்டை! அரை மூச்சு கழித்துப் பிராடியுடையது. முன்னால் ஆரம்பித்த நாலு பேரும் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

நோலா கடிகாரத்தைப் பார்த்தாள்.

17.1

"தாத்தா...!" பிராடி மேடையிலேயே மண்டியிட்டுவிட்டான். "யோவ் தாத்தா! நீங்க யாருய்யா! இவ்வளவு நாளா எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

அரங்கமே அதிர்ந்தது. பெரில் ஒருத்தி மட்டும் கைதட்டவில்லை. அவள் வாரிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்ல அவள் முகம் மாறியது. மெர்வ் பிடிக்கப்போன ஆள் யாரென்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

நோலா படியேறினாள். பின்னால் விலங்குடன் கிப்.

வாரிக் கோடாரியைப் பெட்டியில் வைத்துத் துணியால் மூடினார். இரண்டு கைகளையும் தானே நீட்டினார்.

"ஏன், வாரிக்?" என்றாள் நோலா. "அஞ்சுல ஆரம்பிச்சு நிதானமா வெட்டித் தோத்திருக்கலாமே! தப்பிச்சிருப்பீங்களே!"

"ஆறு வருஷம் முன்னாடி இந்தப் பய என்னை ஜெயிச்சான், நோலா. நிஜமா ஜெயிச்சான். பயந்துட்டேன். இனிமே பதினாலுலேர்ந்து முடியாதுன்னு நினைச்சேன். அதான் செகண்டு சேர்க்க ஆரம்பிச்சேன். ஆனா காலைல யாருக்கும் தெரியாம நிஜமா வெட்டிப் பழகுவேன். இன்னிக்கு மெர்வ் கட்டை அடுக்குக்குப் பின்னாலேர்ந்து வந்தான். பலகைல என் பேரை ஏழு இடத்துலயும் சுரண்டி எடுத்துடுவேன்னான். ஏழு இடத்துலயும்! கை தானா போயிடுச்சு..."

"கடிகாரத்தைப் பார்த்தீங்களா அப்போ?"

"பார்த்தேன். அவன் விரலைப் பிரிச்சேன். பட்டன்மேல கட்டைவிரலை வச்சேன். ஒரு அமுக்குதான்... அழிஞ்சு போயிருக்கும்."

கிப் அதிர்ந்தான். "அழிக்க வேண்டியதுதானே? அது ஒண்ணுதானே சாட்சி!"

"மெர்வ் எடுத்த டைம்டா அது!" வாரிக்கின் கண்ணில் நீர் தளும்பியது. "ஐம்பத்தேழு வயசுல பதினேழு புள்ளி நாலு! ஆறு வருஷமா என் நிஜ டைமை ஒருத்தன்கூட எடுத்ததில்லை. அழிக்க மனசு வரல. அவன் கையிலேயே வச்சு மூடிட்டேன்."

"அவருக்கு நாடி இருந்துச்சா?"

வாரிக் கௌரவப் பலகையைப் பார்த்தார்.

"கடிகாரத்தைப் பார்த்தீங்க. நாடியைப் பார்க்கல!"

வாரிக் தலையைக் குனிந்துகொண்டார். விலங்கு 'க்ளிக்' என்று பூட்டியது.

நோலா அப்பாவின் கடிகாரத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "பதினேழு புள்ளி ஒண்ணு, வாரிக். பதினாலாம் எண்ணுலேர்ந்து. ஆறு வருஷம் தோத்திருக்கவே வேண்டாம். ஒழுங்கா நின்னிருந்தா பலகைல இந்நேரம் எட்டு என்ன, பத்துகூட ஆகியிருக்கும்!"

அந்த வார்த்தை அவரை விலங்கைவிட இறுக்கமாகப் பிடித்தது. கொலைக்கு அழாத மனிதர் அதற்கு அழுதார்.

கூட்டம் ஒன்றும் புரியாமல் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தது. இருவருக்கும் நடுவில் வாரிக் படியிறங்கினார். பெரிலைத் தாண்டும்போது நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஜீப்பில் ஏற்றியதும் கிப் நெளிந்தான்.

"மேடம்... லான்செஸ்டன்காரங்க வர்ற வரைக்கும் இவரை நம்ம லாக்-அப்லதானே வைக்கணும்?"

"ஆமா. குடையெல்லாம் எடுத்து வெளிய போடு. இப்ப அதுல உனக்கு என்ன பிரச்சினை?"

"பிரச்சினை ஒண்ணுமில்ல, மேடம்... நம்ம லாக்-அப்புக்கு மரக்கதவாச்சே! பதினேழு செகண்டு தாங்குமா?"